கையெழுத்துச் சேலை

ஜனவரி 11, ஞாயிறு

பனி. எதிர்த் தோட்டத்துத் தென்னைகள் தெரியவில்லை. டப்ளின் குளிரோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. ஆனால் அங்கே வீட்டுக்குள் குளிராது, இங்கே பாத்திரம்கூடக் குளிர்கிறது.

முதலில் ஒரு மன்னிப்பு. இது அப்பாவுக்கு உரக்கடையில் கொடுத்த டைரி. ஒரு வரியும் எழுதாமல் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். எழுதி வைக்கும் அளவுக்கு என்னிடம் பெரிய சங்கதி இல்லை. வாயில் வராததை எங்காவது போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா.

நேற்று மாலை டப்ளினிலிருந்து வந்து சேர்ந்தேன். பெங்களூர், ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு. இரண்டு வாரம் லீவு. நடுவில் ஒரு நாள் மட்டும் இங்கிருந்தே ஆபீஸ் வேலை.

வந்ததிலிருந்து விசாரித்தவர்கள்: பால்கார அக்கா, டெய்லர் மாமா, டவுன் பஸ் கண்டக்டர், அண்ணி, போனில் அண்ணியின் அம்மா. எல்லோருக்கும் ஒரே கேள்வி. "எப்ப வந்த? எப்ப போற?" நடுவில் மூச்சுகூட விடுவதில்லை.

வாசலில் நீலத் தக்காளிப் பெட்டிகள் அடுக்கி இருக்கின்றன. மண்டியில் பிறர் பெட்டியோடு கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் எழுத்தைப் போட்டு வைப்பார்கள். எங்கள் பெட்டியில் எப்போதும் வெள்ளைப் பெயிண்டில் 'சி'. சின்னசாமி, அப்பா. இந்த முறை 'சி.கோ.' கோ என்றால் கோவிந்தன், என் அண்ணன். 'சி' மங்கிக் கிடக்கிறது. 'கோ' பளிச்சென்று இருக்கிறது.

அழகாக எழுதியிருக்கிறாய் என்றேன். சிரித்தான்.

ஜனவரி 13, செவ்வாய்

தக்காளி பறிப்பு. பொங்கல் வாரம், கூலிக்கு ஆள் இல்லை. நானும் இறங்கினேன்.

அண்ணன்: "ஏய், கம்ப்யூட்டர் கை! நகம் ஒடஞ்சிடும், போயி காப்பி குடி."

"ஒடஞ்சா மொளைக்கும்."

"அங்க எப்பிடி விக்கிறான் தக்காளி?"

"ஆறு பழம், ஒரு டப்பா. காம்போட இருக்கும்."

"காம்போடயா! பக்கத்துப் பழத்தைக் குத்திடுமே. ஒண்ணுந் தெரியாதவனுங்க."

அண்ணி அடுத்த செடிச் சாலிலிருந்து சிரித்தாள். நானும்.

கையெல்லாம் இலைக்கறை. கரும்பச்சை. சோப்புப் போட்டால் மஞ்சளாகிறதே தவிரப் போவதில்லை. காலேஜ் லீவு முழுக்க இந்தக் கையோடுதான் திரிந்தேன். முதல் செமஸ்டரில் பக்கத்து பெஞ்சுப் பெண் என்ன வாசம் என்று முகம் சுளித்தாள், கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். டப்ளின் கடையில் யாரும் பார்க்காதபோது அந்தக் காம்பை முகர்ந்து பார்ப்பேன். அதற்காகவே காம்போடு வாங்குகிறேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

கிணற்றுமேட்டுத் துண்டு நிலத்தில் காய் நன்றாக இருக்கிறது. அந்த மண் அப்படி.

ஜனவரி 14, புதன். போகி

வீடு ஒழித்தோம். அம்மா வெளியே பாய் உதறிக்கொண்டிருந்தாள். பீரோ என் பொறுப்பு.

மேல் தட்டில், பழைய போர்வைக்கு அடியில், தர்மபுரிக் கடைப் பை. உள்ளே பட்டு. இலைப்பச்சை, அரக்குக் கரை. எனக்கு எதைப் பார்த்தாலும் உடனே பிடித்துவிடாது. இது பிடித்தது.

"அம்மா, பொங்கலுக்கு எனக்கா?"

அம்மா வாசற்படியில் நின்றாள். கையில் பாய். "அது... அப்பறமா குடுக்கலாம்னு..."

"அதான் பாத்துட்டனே."

அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒட்டடைக் கம்பைப் பார்த்தார்.

"சரி கட்டிக்க. பொங்கலுக்குத்தான்," என்றாள். குரல் ஒரு மாதிரி. விலை அதிகம் போல என்று நினைத்தேன்.

அண்ணியிடம் பிளவுஸ் இரவல் வாங்க வேண்டும்.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

அம்மாவும் நானும் தீர்த்தமலை போனோம். அரூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே. பச்சைச் சேலை கட்டியிருந்தேன். படியில் கூட்டம், குரங்கு, ஐஸ் வண்டி. ஒரு குரங்கு அம்மாவின் தேங்காய் மூடியோடு ஓடிவிட்டது. அம்மா அதைத் திட்டிய திட்டு இங்கே எழுதக் கூடாது.

மேலே அத்தை காத்திருந்தாள். அப்பாவின் தங்கை, அரூர்ப் பக்கம் வாக்கப்பட்டவள். என்னைப் பார்த்ததும் முந்தானையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள்.

"என்னாடி மஞ்சு, கையெழுத்துப் போட்டுட்டியா?"

"என்னா கையெழுத்து அத்தை?"

"போடாதியே சேலை கட்டிக்கினியா? போட்ட பொறவுதான குடுப்பாங்க!"

அம்மா அந்தப் பக்கம் திரும்பித் தீர்த்தம் பிடிக்க ஆரம்பித்தாள். பாட்டில் நிரம்பி வழிந்தது. மூடவில்லை.

அத்தைக்கு எதையும் மறைக்கத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பெண் தன் பங்கு நிலம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். கல்யாணம் ஆன பெண்களுக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். எங்கள் பீரோவில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"எனக்கு உங்கொப்பன் ஊதாக் கலரு எடுத்தாரு," என்றாள் அத்தை.

"அந்தச் சேலை இப்ப எங்க அத்தை?"

"எங்க? ரெண்டாவது பையனுக்குத் தொட்டிலு கட்டினேன். பொறவு கிழிச்சு அடுப்புத் துணி." சிரித்தாள். "நெலம் அங்கியேதான் இருக்குது. கிணத்துமேடு என்னுதுதான. உங்கூருக்கு வந்தா பஸ்ஸுல ஜன்னல் பக்கமா உக்காந்து பாப்பேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கும்போது கொசுவம் தடுக்கிக்கொண்டே இருந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது கேட்டேன். உண்மைதான். தை பிறக்கட்டும் என்று காத்திருந்தார்களாம். புதன்கிழமை பத்திர ஆபீசில் டோக்கன்.

தாத்தா வழி நிலம். அப்பாவும் நானும் எழுதிக் கொடுத்தால் பட்டா அண்ணன் பெயருக்கு மாறும். மானியத்தில் சொட்டுநீர்ப் பாசனம் போட அவன் பெயரில் பட்டா வேண்டும். பொய் சொல்கிறவன் இல்லை அண்ணன். விடியும் முன்னால் எழுந்து மருந்தடிக்கிறவன். அதுதான் கஷ்டம்.

"நீ என்னா, ஏரோப்ளேன்ல வந்து தண்ணி கட்டப் போறியா?" என்றான்.

அம்மா: "உன்னைப் படிக்க வெச்சோமே கண்ணு. அதுதான் உன் பங்கு."

அப்பா ரசம் ஊற்றச் சொன்னார்.

நான், "ம்."

எங்கள் வீட்டில் 'ம்' என்றால் சரி என்று பொருள். எனக்கு அப்படி இல்லை. தொண்டையில் வேறு சத்தம் வராதபோது வருவது அது. ஆனால் அண்ணன் எழுந்து போய் பத்திரம் எழுதுகிறவருக்குப் போன் செய்துவிட்டான்.

ஜனவரி 20, செவ்வாய்

ஆபீஸ் நாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் மட்டும் சிக்னல். பக்கத்தில் அம்மா மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. புது மென்பொருளை மக்களுக்கு விடுவதற்கு முன் எல்லோரும் ஒரே அழைப்பில் கூடுவோம். ஒருவர் பெயர் பெயராக வாசிப்பார். ஒவ்வொருவரும் சரி அல்லது வேண்டாம் சொல்ல வேண்டும். 'ம்' செல்லாது. ஒருவர் வேண்டாம் என்றால் போதும், அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள்.

இன்று நான் சோதித்த பக்கம் பழைய போன்களில் திறக்கவில்லை. என் பெயர் வந்தது. "நோ" என்றேன். காற்று அடித்ததால் இன்னொரு முறை, சத்தமாக, "நோ!"

"சரி மஞ்சுளா, நன்றி, நிறுத்துகிறோம்," என்றார் அந்த ஊர் மேனேஜர். அவ்வளவுதான். யாரும் அழவில்லை.

அம்மா மிளகாயோடு நின்றாள். "யாருகிட்டடி இப்பிடி நோன்னு கத்தற?"

"மேனேஜர்கிட்ட."

"வேலை போயிடப் போவுதுடி!"

"அதுக்குத்தாம்மா சம்பளம்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மிளகாயைப் புரட்டினாள்.

ஜனவரி 21, புதன்

வெயில். பாலக்கோடு. அப்பா வெள்ளை வேட்டி. அம்மா பச்சைச் சேலையை எடுத்து வைத்திருந்தாள். நான் சுடிதாரில் போனேன்.

பத்திரம் எழுதுகிறவர் தட்டச்சு செய்ததை வேகமாகப் படித்தார். 'மன நிறைவுடன்', 'யாருடைய தூண்டுதலும் இன்றி'. என் மனம் எப்படி நிறைந்திருக்கிறது என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? படித்து முடித்து, "வெளிநாடாம்மா? எப்ப போறீங்க?" என்றார்.

ஆபீசில் பெஞ்சு நிறைய ஆட்கள். இரண்டு பெண்கள் புதுப் பட்டு. ஒருத்தி மடியில் குழந்தை, ஒருத்தி லட்டு தின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் டோக்கன். சார்பதிவாளர் ஒரு அம்மா, கண்ணாடி மூக்கு நுனியில். எல்லோரிடமும் கேட்கிற மாதிரியே தலையைத் தூக்காமல் கேட்டார்கள்:

"பேரு?"

"மஞ்சுளாங்க."

"உங்க பங்கை உங்க அண்ணனுக்கு விட்டுக் குடுக்கறீங்க. சம்மதந்தானா?"

கை மேசைக்குக் கீழே போயிற்று. எடுத்து மேசைமேல் வைத்தேன். விரலில் இன்னும் மஞ்சள் கறை.

இத்தனை நாளில் இதை என்னிடம் கேட்டவர் இவர் ஒருவர்தான். பெயர் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து.

"எனக்குச் சம்மதம் இல்லைங்க. எழுதிக் குடுக்க மாட்டேன்."

தலையைத் தூக்கினார்கள். கண்ணாடி வழியாக என்னை, மேலாக அப்பாவை, பக்கவாட்டில் அண்ணனைப் பார்த்தார்கள். பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். "அடுத்த டோக்கன்."

லட்டுக்காரி மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

வெளியே புளியமரத்தடியில் அண்ணன்: "வூட்லயே சொல்லித் தொலைக்கிறதுதானே? ஊருக்கு முன்னால வெச்சு மானத்தை வாங்குற!"

"வூட்ல யாரும் கேக்கலைண்ணா. சொன்னீங்க."

பஸ்ஸில் நால்வரும் நான்கு சீட்டில்.

ஜனவரி 22, வியாழன்

பேச்சு இல்லை. சோறு மட்டும் வந்தது. அம்மா அழுகிற சத்தம் கேட்டது, அடுப்பங்கரையிலிருந்து, பாத்திரம் விளக்குவது போல.

பிறகு வந்து நின்றாள். "படிக்க வெச்சதுக்கு நல்லா செஞ்சடி."

"அண்ணனையும்தாம்மா படிக்க வெச்சீங்க. பாலிடெக்னிக்ல பாதியில அவனாத்தான் நின்னான். அது அவன் பங்குல கழிஞ்சுதா?"

இதை நான்தான் சொன்னேன். திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான்தான்.

"சொட்டுநீர் போடட்டும்மா. அதுக்கு எந்தச் சம்மதம் வேணுமோ அதைத் தர்றேன். என் பங்கு இல்லைன்னு மட்டும் எழுத மாட்டேன்."

அண்ணன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி: "அந்தச் சேலையாவது வெச்சுட்டுப் போகச் சொல்லு."

"பொங்கலுக்குன்னு குடுத்தீங்க. பொங்கலுக்குக் கட்டிட்டேன். அது என்னுது."

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி தலை குனிந்தாள். தோள் குலுங்கியது. சிரிப்பு. அண்ணன் போனதும் மெதுவாக, "எனக்கு மாம்பழக் கலரு," என்றாள். "கட்டவே இல்ல. பொட்டியிலேயே இருக்குது."

சேலையைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். ஸ்வெட்டருக்கு நடுவில்.

வேறு: சார்ஜர், ஊறுகாய், புளி, தைலம். அம்மா பேசாமலே கட்டிக் கொடுத்த எள்ளுருண்டை.

ஜனவரி 24, சனி

ஓசூர் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. டைரியையும் எடுத்து வந்துவிட்டேன், அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

மறுபடி பனி. அண்ணன் மண்டிக்குப் போய்விட்டான், சொல்லாமல். அம்மா வாசல்வரை வந்து என் தலையைத் தொட்டாள், பிறகு கோபம் ஞாபகம் வந்த மாதிரி கையை எடுத்துக்கொண்டாள்.

பெட்டியை அப்பா தூக்கிக்கொண்டார். சக்கரம் இருக்கிறது, உருட்டலாம் என்றால் கேட்கவில்லை. தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கிணற்றுமேடு தாண்டும்போது நின்று தோள் மாற்றினார். செடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நிறுத்தத்தில், புதன்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு:

"ஜாக்கெட்டு எடுத்துக்கினியா? அங்க குளுரு."

"எடுத்துக்கிட்டேங்கப்பா."

பஸ் வளைவில் தெரிந்தது. பெட்டியை இறக்கினார். சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"எப்ப வருவ?"

இந்த இரண்டு வாரத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"சித்திரைப் பறிப்புக்குங்கப்பா."

தலையாட்டினார். கண்டக்டர் பெட்டியை இழுத்துக்கொண்டார். படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, விசில் அடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். ஞாயிறிலிருந்து வைத்திருந்தது. ஆள் பார்க்க, சத்தமாக.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். தக்காளிப் பெட்டியில 'கோ'வுக்குப் பக்கத்துல ஒரு 'ம' போடுங்க. வெள்ளைப் பெயிண்டு மீதி இருக்குது, மாட்டுக்கொட்டாயில பாத்தேன்."