ஹெப்சி நின்ற ஒரு நொடி

ஏரல்
8-1-2024

ஹெப்சியின் அப்பாவுக்கு,

எஸ்லின் எழுதுகிறேன். ஸ்தோத்திரம். போனில் பேசினால் சண்டையில்தான் போய் முடியும், அதனால் கடிதம்.

டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். நான் பள்ளிக்கூட மாடியில் இருந்ததால் தப்பித்தேன். ஆல்பம் போய்விட்டது. படங்கள் சேறோடு ஒட்டி, பிரித்தால் வெள்ளைத் தாளாக வருகிறது. உங்களிடமும் ஒன்றும் இருக்காது. பிரிந்து வரும்போது எல்லாவற்றையும் நான்தானே எடுத்து வந்தேன்.

ராயகிரியில் சித்தப்பா தோட்டத்தில் நடந்த நிச்சயதார்த்தத்தை நீங்கள் எடுத்த வீடியோ டேப் இருக்கிறதா? அன்றைக்குத்தான் ஹெப்சி கிணற்றில் விழுந்து இறந்தாள். டேப்பிலிருந்து ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். என் பிள்ளையின் முகம் என்னிடம் இல்லை.

எஸ்லின்

சங்கரன்கோவில்
27-1-2024

அன்புள்ள எஸ்லின்,

நீ சுகமாயிருப்பதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வெள்ளச் செய்தி கேட்டு உன் பள்ளிக்கூடத்துக்கு மூன்று முறை போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை.

டேப் இருக்கிறது. பதினான்கு வருஷமாக நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. கேமராவின் பேட்டரி உப்பிப் போயிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடியோ கடை வைத்திருக்கும் முகம்மது ரியாஸ் வேறொன்று தேடித் தந்தார். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர்லாம் வேண்டாம். கேமராவுலயே ஓடவிட்டு, வேணுங்கிற எடத்துல நிறுத்தி இந்தப் போட்டோ பட்டன அமுக்குங்க. கார்டுல விழுந்துரும்" என்றார்.

நம் பிள்ளை ஓரிடத்தில் நின்றால்தானே! நிறுத்துகிற இடமெல்லாம் முகம் கலைந்து கோடு கோடாக வருகிறது. ஐம்பதுக்கு மேல் எடுத்தேன். ஒன்றில் மட்டும் மாமரத்தடியில் நின்று என்னைப் பார்க்கிறாள். பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் தெரிவது உன் சேலை.

ஜெபசுந்தர்

ஏரல்
5-2-2024

ஹெப்சியின் அப்பாவுக்கு,

படம் கிடைத்தது. பல் தெரியச் சிரிக்கிறாள். சட்டையில் ஒரு பித்தான் திறந்திருக்கிறது. அதைப் போட்டுவிடக் கை போகிறது.

"பிள்ளையப் பாத்துக்கிடுங்க" என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பந்தி பரிமாறப் போனேன் என்றேன். நான் சொல்லவே இல்லை என்றீர்கள் நீங்கள். உங்கள் அம்மாவும் அக்காவும் உங்கள் பேச்சைத்தான் நம்பினார்கள். அதில்தான் பிரிந்தோம். வருஷம் போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனதில் நினைத்ததைச் சொன்னதாக எண்ணிக்கொண்டேனோ என்னவோ. அப்படியானால் அவளை விட்டுவிட்டுப் போனவள் நான்தான். உங்கள்மேல் பழி போட்டதற்கு மன்னியுங்கள்.

கோடை லீவில் அங்கே வரலாமா? அவள் கல்லறையில் ஒருமுறை சேர்ந்து நின்று ஜெபிக்கலாம்.

எஸ்லின்

சங்கரன்கோவில்
12-2-2024

எஸ்லின்,

நீ மன்னிப்புக் கேட்டதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ சொன்னாய். டேப்பில் இருக்கிறது. அந்தப் படத்துக்கு அடுத்த நொடி உன் குரல் வருகிறது: "ஏங்க, நான் பந்திக்குப் போறேன். பிள்ளையப் பாத்துக்கிடுங்க, பின்னால கிணறு கெடக்கு." என் குரல்: "சரிட்டி, நீ போ. நான் பாத்துக்கிடுதேன்." அதோடு கேமரா பெண், மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிடுகிறது. அதன்பின் அவள் எங்குமே இல்லை.

அன்றைக்கு மறந்துபோய்த்தான் மறுத்தேன் என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய். தெரிந்தேதான் மறுத்தேன். போட்டோவில் சத்தம் வராதே என்றுதான் அதை மட்டும் அனுப்பினேன்.

டேப்பையும் கேமராவையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அக்காவிடம் சொல்லிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் அவளிடமும் சொல்லியிருப்பேன்.

ஜெபசுந்தர்

ஏரல்
24-2-2024

ஹெப்சியின் அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. ஓடவிட்டுக் கேட்டேன். நான் சொல்லியிருக்கிறேன்.

நாம் பேசுவதற்கு நடுவில் அவளும் பேசுகிறாள். "அப்பா, என்னைய எடுங்க" என்கிறாள். நீங்கள் அதை எழுதவில்லை, எழுத முடிந்திருக்காது. அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். திரும்பத் திரும்ப அதை மட்டும் கேட்டேன்.

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. கோடையில் நான் அங்கே வரமாட்டேன். இனி நீங்களும் எழுத வேண்டாம்.

இதை அன்றைக்கே சொல்லியிருந்தால், நாம் சேர்ந்து அழுதிருக்கலாம்.

எஸ்லின்