வெற்றிலைத் தட்டு வைத்து முடித்த விமானப் பள்ளி

என் பிரியமான அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுதும்படியான சேதி இப்போதுதான் வந்திருக்கிறது. உன் மகள் தாரணி போன வாரம் தனியாக விமானம் ஓட்டிவிட்டாள். பக்கத்தில் சொல்லிக்கொடுக்கிற ஆள்கூட இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் ஒரு சின்ன ஊரில், மூன்று தடவை மேலே போய் வட்டமடித்து, மூன்று தடவையும் ஒழுங்காக இறங்கியிருக்கிறாள்.

அந்தப் பள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தவன் தாய்மாமனான நான்தான் என்று நம் சொந்தத்தில் பாதிப் பேருக்கு நினைப்பு. நானும் இல்லையென்று சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். காரியத்தைக் கெடுக்கப் பார்த்தவனே நான்தான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். “புள்ளைய நல்ல எடமாப் பாத்துச் சேத்துடு சாமி. அவசரப்படாத.” முதல் பாதி என் காதில் நன்றாக ஏறியது. இரண்டாவது பாதி வழக்கம்போல ஏறவில்லை.

தாரணி தன் பங்கைக் குறையில்லாமல் செய்தாள். மருத்துவப் பரிசோதனையில் தேறினாள், இங்கே எழுத வேண்டிய பரீட்சைகளை எல்லாம் எழுதி முடித்தாள். இனிப் பறந்து பழக வேண்டியதுதான் பாக்கி. எந்த நாட்டில், எந்தப் பள்ளியில் என்பதை என்னிடம் விட்டார்கள். மச்சானை, உன் வீட்டுக்காரரைத்தான், உனக்குத் தெரியுமே. மங்கலத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு, மாமன் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். தாரணி ஒரு நோட்டு நிறையப் பள்ளிகளின் பெயரை எழுதி வைத்திருந்தாள். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஏனென்றால் எனக்குச் செல்வராசண்ணன் இருந்தார். அவிநாசி ரோட்டில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஆபீஸ் போட்டிருக்கிறாரே, நம் பங்காளி வகை, அவர்தான். அமெரிக்காவில் கடற்கரை ஓரத்துப் பள்ளி ஒன்றை வீடியோவில் காட்டினார். பின்னால் நீலக் கடல், முன்னால் வரிசை வரிசையாக வெள்ளை விமானங்கள். வெள்ளையாக எதையாவது வரிசையாக அடுக்கிவைத்தால் என்னைப் போன்ற பனியன் கம்பெனிக்காரனுக்கு மனசு இளகிவிடும் போலிருக்கிறது. அந்த அமாவாசையன்று காலையிலேயே தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு தட்டு எடுத்துக்கொண்டு போய், எங்கள் பிள்ளை அங்கேதான் படிக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். புது மெஷின் இறக்கும்போதுகூட அவ்வளவு முறையாகச் செய்ததில்லை. திரும்பி வரும் வழியிலேயே பத்துப் பேருக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. தாரணிக்குத்தான் கடைசியாகச் சொன்னேன். “சரிங்க மாமா” என்றாள்.

அதற்குப் பிறகுதான் இடறியது. அங்கே படிக்கிற மூன்று பேரின் நம்பரைச் செல்வராசண்ணன் கொடுத்திருந்தார். மூன்று பேரிடமும் பேசினேன். மூன்று பேரும் ஒரே வார்த்தைகளை, ஒரே வரிசையில் சொன்னார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தை அக்கா. நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் ஆடிட்டர் வருவதற்கு முதல் நாள் நம் டெய்லர்களை நிற்கவைத்து, எதைக் கேட்டால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் பாடம் நடத்தியதும், தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளிலிருந்து நீ எழுந்து வந்து எல்லார் முன்னாலும் என்னைத் திட்டியதும் நினைவிருக்கிறதா?

உடுமலையில் நமக்கு நூல் கொடுக்கிறவரின் மகள் அதே பள்ளியில்தான் இருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் அந்தப் பட்டியலில் இல்லாதவள். கூப்பிட்டேன். முதலில் தயங்கினாள், பிறகு சொன்னாள். “நாங்க அம்பது பேரு இருக்கறமுங்க. சொல்லித்தர்றவங்க நாலே பேரு. நான் மேல போயி இருவத்திரண்டு நாளாச்சுங்க.” பறந்த மணிநேரம் ஏறினால்தான் உரிமம் கிடைக்கும். அவர்களோ அறையில் உட்கார்ந்து முறை வருமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வருடத்தில் முடியும் என்று வந்தவர்கள் இரண்டாவது வருடத்தில் இருக்கிறார்களாம்.

இரண்டு நாள் செல்வராசண்ணன் ஆபீஸ் பக்கமே நான் போகவில்லை. நூல் விலை தாறுமாறாக ஏறிய சமயத்தில்கூட, சொன்ன விலைக்குச் சரக்கு அனுப்பியவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர். அதைக் கட்டிக்காத்துத்தான் இத்தனை வருடம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். தட்டு வைத்துக் கொடுத்த வாக்கை எந்த முகத்தோடு மாற்றுவது? கொஞ்ச நாள் பொறுத்தால் அங்கே ஆள் போட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் போனேன். செல்வராசண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “தட்டு வெச்சுக் குடுத்த வாக்குங்க. நீங்களே இப்பிடிப் பேசலாமுங்களா?” என்று மட்டும் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டே, என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பிள்ளை அங்கே போகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்தார். ரசம் வரும்வரை இருவரும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து தாரணியிடம் சொன்னபோது அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். அந்த டெக்சாஸ் பள்ளி. ஆறு விமானம், ஐந்து ஆசிரியர்கள், பதினெட்டு மாணவர்கள். அவர்கள் போட்டிருந்த படத்தில் ஒரு பழைய விமானமும், அதன் நிழலில் படுத்திருந்த ஒரு நாயும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அங்கே படிக்கிறவர்களில் பாதிப் படிப்பைத் தாண்டியவர்களாகப் பார்த்து விசாரித்திருந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எல்லாமே அழகு, முடித்தவர்களுக்குப் பட்ட பாடு மறந்திருக்கும் என்றாள். பனியன் கட்டின் மேலே இருக்கும் பீஸைப் பார்க்காதே, நடுவிலிருந்து உருவு என்று டேபிளில் நீ சொல்வாயே, அதேதான். எல்லாம் எப்படி இவ்வளவு தயாராக இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தப்பித்தோம் என்ற நிம்மதியில் இருந்தேன்.

போன வாரம் சாயந்திரம் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன். “மாமா, என்ற சட்டைய வெட்டிப்போட்டாங்க” என்றாள். எவன் அவன், பேரைச் சொல் என்று கத்தினேன். ஏற்றுகிற ஆட்கள் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. முதல் தடவை தனியாக ஓட்டி இறங்கியதும், சொல்லிக்கொடுத்த ஆசிரியர் சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கத்தரித்து, பேரும் தேதியும் எழுதிச் சுவரில் மாட்டுவது அங்கே பழக்கமாம். அதற்கென்றே நம் கம்பெனி டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். படமும் அனுப்பினாள். சுவர் நிறையத் துணித் துண்டுகள், நடுவில் நம்முடைய நீலம். வெட்டிய ஓரம் சுருண்டிருந்தது. மடித்துத் தைத்து மாட்டச் சொல் கண்ணு என்றேன். அதற்கும் சிரிப்புத்தான்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. அன்றைக்கு மாமன் மட்டும் விசாரிக்காமல் விட்டிருந்தால் நீ இப்போது கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள்.

“அந்த ஸ்கூலப் பத்தி எனக்கு முந்தியே தெரியுமுங்க மாமா. எல்லா ஸ்கூல்லயும் விசாரிச்சு வெச்சிருந்தேன்.”

“அப்பறம் ஏங்கண்ணு சொல்லல?”

“நீங்க தட்டு வெச்சு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டீங்க. நீங்க மாத்தலீன்னா அங்கயே போயிருப்பேனுங்க.”

என் வாய்ச்சொல் கீழே விழக்கூடாது என்று தன் வயதில் இரண்டு வருடத்தைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறாள். அதுவும் ஒரு ‘சரிங்க மாமா’வோடு. நீயும் எத்தனையோ தடவை எனக்குச் சரி சாமி என்று சொல்லியிருக்கிறாய். அவற்றில் எத்தனை நிஜமான சரி அக்கா?

இப்போது அவளுக்கு ஜாதகம் வர ஆரம்பித்திருக்கிறது. மாமன் சொன்னால் போதும் என்று எல்லாரும் நேராக என்னிடமே வருகிறார்கள். முந்தாநாள் தாராபுரத்திலிருந்து ஒரு நல்ல குடும்பம் வந்தது. எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. சரி என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. “பொண்ணக் கேக்கோணுமுங்க” என்றேன். பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. அவள் விஷயத்தில் இனி அவளைக் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். கேட்கும்போதும், எனக்கு எது பிடித்திருக்கிறது என்பதை அவள் பதில் சொல்லி முடிக்கும் வரை சொல்ல மாட்டேன். அவள் உடனே சரி என்றால், இன்னொரு தடவை கேட்பேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவன், தாரணியின் மாமன்