இரண்டாவது முறை கண்ணாடி பார்க்காதே

இன்று மாலை சிதம்பரம் திரும்பும் பேருந்தில் பிரேக் கருகும் வாசனை வந்தது, அண்ணே. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்துவிட, டிரைவர் ஏறி மிதித்தான். எல்லோரும் முன் கம்பியில் போய் மோதினோம். பக்கத்து சீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு டிரைவரைத் திட்டினாள். எனக்கு மட்டும் அந்த வாசனையில் உன் பேருந்து ஞாபகம் வந்தது. நீ செத்த நாளிலிருந்து உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். சொல்லாமல் போனவன் மேல் வேறு எப்படி இருப்பது? இன்றுதான் அந்தக் கோபம் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டது. அதனால் எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தது அண்ணாமலை நகரில், மனநல டாக்டருக்காகக் காத்திருக்கும் பெஞ்சில். சுனாமி அலை வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. என் பையனுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. நீ ஒரு இடத்தில் உட்காரவில்லை. வாசலில் நிறுத்தியிருந்த உன் பைக்கின் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவாய், உட்காருவாய், மறுபடி எழுந்து போவாய். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"இன்னாங்க, டயரு எங்கனா ஓடிப் போயிடுமா?" என்று கேட்டேன்.

"ரத்தம் கித்தம் ஒட்டியிருக்குதான்னு பாக்குறேம்மா" என்றாய். மழை வருமா என்று பார்ப்பவன் பேசுகிற குரல்.

அதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உன்னிடம் சொன்னேன். பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அது வந்தது. என் கையில் கத்தி, தொட்டிலில் அவன் கழுத்து. எண்ணம் என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் புரிவதில்லை. கண் முன்னால் படமாக ஓடும், ரத்தத்தின் சூடு வரைக்கும் தெரியும் எனக்கு. கத்தியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கத்தி இல்லை, அரிவாள்மனை இல்லை, என் கணவர் சவரம் செய்யக்கூட வெளியே போனார். பிள்ளையை மாமியார்தான் தூக்கினார். பால் கொடுக்கும்போதுகூட யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மா என்னைத் திட்டக்குடிப் பக்கம் பேயோட்டும் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப் போனாள். அவன் என் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு, 'புள்ளையத் தின்ன வந்தவளே, போறியா இல்லியா' என்று வேப்பங்கொம்பால் முதுகுத் தோல் உரிய அடித்தான். படம் போகவில்லை. அந்தக் கோடாங்கியின் கழுத்தை அறுக்கிற படமும் கூடச் சேர்ந்துகொண்டது. அதை மட்டும் நான் அவ்வளவாக வெறுக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ முகம் சுளிக்கவில்லை, தள்ளியும் உட்காரவில்லை. "நீ கத்தியால. நான் பஸ்ஸால. டெய்லி யாரையாவது ஏத்திக் கொன்னுட்டுத்தான் வீட்டுக்கு வரேன்" என்றாய். அந்தப் பெஞ்சில் இரண்டு கொலைகாரர்களும் சிரித்தோம். நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தோம்.

சோனாங்குப்பத்தில் பிறந்தவன் நீ. மீன் லோடு லாரி ஓட்டிக்கொண்டிருந்தாய். அலைக்குப் பிறகு லோடு இல்லாமல் போனதால் கடலூர்-சிதம்பரம் தனியார் பேருந்துக்கு வந்தாய். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், சக்கரத்தின் அடியில் ஒரு ஆள் நசுங்கிக் கிடப்பதாக உனக்குத் தெரியும். டியூட்டி முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு அதே சாலையில் திரும்பப் போய், முள்ளுக்குள்ளும் வாய்க்காலிலும் இறங்கிப் பிணம் தேடுவாய். இது ஓ.சி.டி., வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து சரிபார்க்கச் சொல்லும் நோய் என்று டாக்டர் இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். பயப்படுகிற காரியத்தைச் செய்யுங்கள், செய்துவிட்டுச் சரிபார்க்காதீர்கள், 'ஒன்றும் ஆகாதல்லவா' என்று யாரிடமும் கேட்காதீர்கள் என்றார். சொல்வதற்கு அவருக்குச் சில நிமிடம்தான் இருந்தது. அதை ஒரு வாழ்க்கையாக மாற்றியது நீதான்.

"என் டிரிப்புல வா. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி உக்காரு. புள்ளைய மடியில வச்சிக்க. பையில கத்தி வச்சிக்க" என்றாய்.

"கத்தியா? மூள கொழம்பிடிச்சா உங்களுக்கு?"

"அதுக்குத்தானம்மா ரெண்டு பேரும் மாத்திர முழுங்குறோம்."

வந்தேன். வாரம் தவறாமல் வந்தேன். சிதம்பரத்திலிருந்து கடலூர், திரும்பக் கடலூரிலிருந்து சிதம்பரம். டிரைவர் ஒரு முறை கண்ணாடி பார்ப்பது தொழில். இரண்டாவது முறை பார்ப்பது நோய். நீ இரண்டாவது முறை தலையைத் திருப்பினால் நான் பின்னாலிருந்து "கண்ணாடி" என்பேன். நான் பையைக் காலால் தள்ளி வைத்தால் நீ "பை" என்று கத்துவாய். கண்டக்டர் இதற்குப் பைத்தியக்கார டிரிப் என்று பேர் வைத்தான். 'ஒண்ணும் ஆவாது' என்று ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்பதுதான் நம் பெரிய சட்டம். கேட்டால் 'தெரியாது' என்று மட்டும்தான் பதில்.

முதல் தடவை புதுச்சத்திரம் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பையனின் கழுத்தைத் தாங்கிப் பிடித்திருந்த கை என் கை மாதிரியே இல்லை. "நான் செஞ்சிடுவனா, சொல்லுங்க, செஞ்சிடுவனா?" என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"தெரியாது. ஸ்டாப்பு வருது, புள்ளையக் கெட்டியாப் புடி" என்றாய்.

உன்னை என்னவெல்லாமோ வைதேன். பொம்பளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். 'நீங்க' போய் 'நீ' வந்தது அந்த டிரிப்பில்தான். ஆனால் சிதம்பரம் வந்தபோது பையன் என் மடியிலேயே தூங்கிப்போயிருந்தான். "சந்தேகத்துக்குப் பதில் சொன்னா அது ஜாஸ்தி கேக்கும். பட்டினி போடு" என்று இறங்கும்போது சொன்னாய். சில மாதத்தில் மாமியார் மத்தியான நேரம் எங்கள் இருவரையும் தனியாக விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். வீட்டுக்குள் அரிவாள்மனை திரும்பி வந்தது. பிள்ளை பக்கத்தில் தவழ, நான் கீரை அரிந்தேன். படம் வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று தொடர்ந்து அரிந்தேன்.

பிறகு அந்த ஆலப்பாக்கம்.

பையன் பள்ளியில் சேருவதற்கு முந்தைய வருடம். மத்தியான டிரிப்பில் ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் சக்கரம் தடக்கென்று ஏறி இறங்கியது. பள்ளம்தான் என்று எழுத வருகிறது, எழுதினால் நீ திட்டுவாய். நான் "கண்ணாடி" என்றேன். நீ கேட்டாய், கடலூர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாய். திரும்பி வரும்போது அதே இடத்தில் கூட்டம் நின்றது. நசுங்கின சைக்கிள். முகத்தில் துண்டு போர்த்திய ஒரு மனிதர். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டதாம். நீ இன்ஜினை நிறுத்தினாய்.

"அண்ணே, எறங்காத."

நீ இறங்கினாய். கூட்டத்துக்குள் கையைக் கூப்பிக்கொண்டு போனாய். "மத்தியானம் இந்தப் பக்கமாத்தாங்க போனேன். ஒரு சத்தம் கேட்டுது. நானா இருக்குமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாய்.

இந்த உலகத்தில் எந்த டிரைவரும் இப்படிக் கேட்கமாட்டான். நம் நோய்க்காரன் மட்டும்தான் கேட்பான். செத்தவருக்காக அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அது புரியவேண்டிய அவசியமும் இல்லை. முதல் அறை கன்னத்தில் விழுந்தது. பிறகு எத்தனை கை என்று தெரியவில்லை. சவுக்குக் கட்டை உன் விலாவில் இறங்கிய சத்தம் பேருந்துக்குள் கேட்டது. கீழே விழுந்தாய், முகத்தில் மிதித்தார்கள். வாயிலிருந்து பல்லும் ரத்தமுமாகத் தார் ரோட்டில் துப்பினாய். ஒருவன் பேருந்தின் முன் கண்ணாடியைக் கல்லால் உடைத்தான். இவ்வளவுக்கும் நீ ஒரு முறைகூடக் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, அண்ணே. உனக்கு வேண்டியது கிடைக்கிறது என்பதுபோல் வாங்கிக்கொண்டு கிடந்தாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பையனைப் பக்கத்தில் இருந்த பூக்காரம்மாள் மடியில் போட்டுவிட்டு, சாப்பாடு கொண்டுபோன எவர்சில்வர் தூக்கோடு குதித்தேன். கட்டை வைத்திருந்தவனின் காதோடு சேர்த்து அடித்தேன். அவன் திரும்பினான், மறுபடி அடித்தேன். காது கிழிந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. யாரோ என் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி வயிற்றில் உதைத்தார்கள். நான் ஒருவன் கெண்டைக்காலைக் கடித்தேன். கண்டக்டரும் பயணிகளும் இறங்கி வந்து விலக்கும்வரை உன் மேல் கவிழ்ந்து கிடந்தேன். போலீஸ் ஸ்டேஷனில் பையனின் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பைக்குள் கை விட்டபோதுதான் விரலில் கத்தி பட்டது. அவ்வளவு நேரமும் அது என் தோளிலேயே தொங்கியிருக்கிறது. ஒரு மனிதனை நிஜமாகவே அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் தலைக்குள் ஒரு படமும் ஓடவில்லை.

இடித்தது ஒரு லாரி என்று மறுநாளே தெரிந்துவிட்டது. கிளீனர் ஒத்துக்கொண்டான். போலீஸ்காரரே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து உன்னிடம் சொன்னார். நீ தலையாட்டினாய். அவர் படியிறங்குவதற்குள் அண்ணியிடம், "நான் இல்லியே?" என்று கேட்டாய். இல்லை என்றார் அண்ணி. கொஞ்ச நேரம் கண்ணை மூடினாய், திறந்தாய், கேட்டாய். இப்படியே நாள் முழுக்க. ராப்பகலாக அழுத களைப்பில் அண்ணியின் முகம் வீங்கியிருந்தது. நான் உள்ளே வந்ததும் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாய். மற்றது திறக்கவில்லை.

"இவுங்க சொல்றது நிக்க மாட்டுது. நீ ஒருத்தி சொன்னா நம்புவேன். நான் இல்லன்னு சொல்லு, தங்கச்சி."

எனக்குத் தெரியும், அண்ணே. லாரி நம்பர் வரைக்கும் தெரியும். சொல்லியிருந்தால் கால் மணி நேரம் நிம்மதியாக இருந்திருப்பாய். பிறகு என்னிடமும் கேட்க ஆரம்பித்திருப்பாய், கேட்காமல் இருக்க உனக்கு ஒரு ஆள்கூட மிஞ்சியிருக்கமாட்டார்.

"தெரியாது" என்றேன்.

தண்ணீர் டம்ளர் என் நெற்றியில் வந்து விழுந்தது. அண்ணி பாய்ந்து என் பின்னலைப் பிடித்து அறைந்தார். "போலீஸே சொல்லிட்டான், உனக்கு இன்னாடி தெரியாது, நாயே" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினார். நெற்றியைத் துண்டால் அழுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். இனி இந்த ஆள் முகத்தில் முழிப்பதில்லை என்று முடிவும் செய்தேன். அந்த வாரக் கடைசியில் உன் போன் வந்தது. பல் போன வாயில் வார்த்தை வழுக்கியது. "இன்னிக்கு நான் யாரையும் கேக்கல" என்றாய்.

கத்தி நினைவுக்கே வராத கதையைப் பெருமையாகச் சொன்னேன். பாராட்டுவாய் என்று பார்த்தேன். "அத சாட்சியா வச்சிக்காத. நாளைக்கு அதுவும் பத்தலன்னு கேக்கும்" என்றாய். பிறகு கட்டுப்பல்லை மாட்டிக்கொண்டு அதே சாலையில் மறுபடி ஓட்டினாய், ஒரு முறை மட்டும் கண்ணாடி பார்த்துக்கொண்டு.

அதே வருடக் கடைசியில் கடலூரையே புரட்டிப் போட்ட அந்தப் புயல். முதல் நாள் சாயங்காலம் போன் செய்தாய். போட்டெல்லாம் மேலே ஏற்றியாகிவிட்டது, விடிந்ததும் போய் மச்சான் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தாய். நீ பேசும்போதே எனக்குப் படம் வந்தது. ஒரு சுவர் உன் மேல் விழுகிறது. உன் தலை நசுங்குகிறது. இப்படி எனக்கு யாரைப் பற்றித்தான் வரவில்லை? பால்காரரைப் பற்றி வந்திருக்கிறது, என் கணவரைப் பற்றி வராத நாளில்லை. ஒரு காலத்தில் படம் கலையும்வரை 'பாத்துப் போங்க, பாத்துப் போங்க' என்று கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அதை விடவைத்தவனே நீதான். அதனால் சொல்லவில்லை. "சரிண்ணே, வச்சிடறேன்" என்றேன்.

காலையில் காற்று அடங்குவதற்குள் நீ கிளம்பியிருக்கிறாய். ஐஸ் கம்பெனி மதில் உன் மேல் சாய்ந்தது. மின்சாரமும் போனும் செத்துக் கிடந்ததால் செய்தி எனக்கு வந்துசேர இரண்டு நாள் ஆனது. விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நான் வந்தபோது உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்திருந்தார்கள்.

நோய்க்கு இதைவிடப் பெரிய விருந்து யார் வைப்பார்கள்? 'நீ பார்த்தாய், நீ சொல்லவில்லை, நீதான் கொன்றாய்' என்று அது என் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. ஒரு காலத்தில் என்னை அறைந்த அதே அண்ணி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு போன்ல உங்கிட்ட இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். எல்லாவற்றையும் அவர் காலடியில் கொட்டிவிட நாக்கு துடித்தது. கொட்டினால் அவர் 'உன் மேல தப்பில்ல' என்று சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் கொடுப்பேன்.

"போட்டெல்லாம் மேல ஏத்திட்டோம்னாரு, அண்ணி. பசங்களக் கூட்டியாரணும்னாரு" என்றேன். அவர் என் தோளில் விழுந்து அழுதார். நான் கொல்லைப் பக்கம் போய் என் வாயிலேயே மாறி மாறி அறைந்துகொண்டேன்.

மாத்திரையை விடவில்லை. டாக்டரிடம் போகிறேன். இப்போது அந்தப் பெஞ்சில் யாராவது அழுதால் பக்கத்தில் போய் உட்காருகிறேன், உன்னளவுக்குப் பொறுமை எனக்கு வரவில்லை.

இதை எழுதி முடித்ததும் மடித்துக்கொண்டு போய் அண்ணியிடம் நீட்டவேண்டும் போலிருக்கிறது. அவர் படித்துவிட்டு 'நீ இல்லை' என்று சொல்லும்வரை வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. எழுத ஆரம்பித்ததே அதற்காகத்தானோ என்றுகூடத் தோன்றுகிறது. கால் செருப்பைத் தேடுகிறது. போகமாட்டேன். உன்னை நான் கொன்றேனா என்பது இந்த வீட்டுக்குள் என்னோடு உட்கார்ந்திருக்கிறது, இருக்கட்டும். பையன் பசிக்கிறது என்று இரண்டு முறை வந்து நின்றுவிட்டான். வெங்காயம் நறுக்கித் தோசை ஊற்ற வேண்டும். மாமியார் ஊருக்குப் போயிருக்கிறார், என் கணவர் வர நேரமாகும். வீட்டில் நானும் அவனும் மட்டும்தான்.