பார்த்தால் பளியர் போல இல்லை

ராஜபாளையம்
4.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். மூன்று நாளாகப் போன் போடுகிறேன், மலையில் டவர் கிடைத்தால்தானே. அதனால் கடிதம். பழங்குடிச் சான்றிதழ் 29-ஆம் தேதிக்குள் வராவிட்டால் என் இடம் போய்விடுமாம், கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்கு அதிகாரி வந்தாரா? நம் பளியர் குடியிருப்பில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்திதான். இது என்னோடு நின்றுவிடக் கூடாது.

உங்கள் செல்ல மகள்,
ஈஸ்வரி

பிளவக்கல் மேடு
11.8.2025

அன்பு மகளுக்கு,

அதிகாரி வந்தார். வீடு தேடி வருகிறவரைத் தரையில் உட்கார வைக்கலாமா? தோப்புக்காரரிடம் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டேன். எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றோம். "பாத்தா பளியர் மாதிரி இல்லையே" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மரியாதை செய்யப் போய் உன் படிப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

கூட வந்த கிளார்க், "இருபதாம் தேதி மறுபடி கூட்டிட்டு வாரேன். நாற்காலியத் தூக்கிருங்க. எல்லாரும் கிழிசலக் கட்டிக்கிட்டு நில்லுங்க, பிள்ளையும்தான்" என்றார். உன் பழைய பாவாடை பெட்டியில் இருக்கிறது. வந்துவிடு தாயி.

அப்பா,
கண்ணுச்சாமி

ராஜபாளையம்
14.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. நாற்காலி போட்டதற்கு இல்லை, அதைத் தப்பு என்று நினைக்கிறீர்களே, அதற்கு. இன்று நான் கிழிசல் கட்டினால் நாளை சான்றிதழ் கேட்கும்போது செல்லத்தாய் அக்கா மகளும் கட்டித்தான் நிற்கவேண்டும்.

நான் வரமாட்டேன். அன்று எனக்கு ஆய்வக வகுப்பு. பிள்ளை எங்கே என்று கேட்டால் கல்லூரியில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். இடம் போனால் அழுவேன். இருந்தாலும் கட்டமாட்டேன்.

ஈஸ்வரி

பிளவக்கல் மேடு
21.8.2025

அன்பு மகளுக்கு,

நேற்று உன் சித்தப்பா வேலுசாமி கிழிசல் வேட்டியில்தான் வந்து நின்றான். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். உடனே போய் மாற்றிக்கொண்டு வந்தான்.

அதிகாரி, "பிள்ளை எங்க?" என்றார்.

"காலேசுல இருக்கா. வரமாட்டா" என்றேன். "காட்டுல ஒரு மரம் விழுந்தா, பளியந்தான் வெட்டிருப்பான்னு நேரா எங்க வீட்டுக்குத்தான வாரீக. காலேசுன்னா மட்டும் அடையாளம் தெரியலையா சார்?"

எனக்கு இம்புட்டுப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. அவர் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை பதினேழு வீட்டாரும் அவர் ஆபீஸ் வாசலில் போய் உட்காரப் போகிறோம். கையெழுத்து விழும்வரை திரும்ப மாட்டோம். நீ அங்கே வராதே. 29-ஆம் தேதி வருகைப் பதிவில் உன் பெயரை வாசிக்காவிட்டாலும் வகுப்பை விட்டு எழுந்திருக்காதே.

அப்பா,
கண்ணுச்சாமி