மணியடித்தும் நகராத பட்டு

காஞ்சிபுரம்
16-7-1934

அன்புள்ள ரத்தினபாய்க்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் சுகத்தையும், அம்மாவின் இருமல் குறைந்ததா என்பதையும் எழுது.

சனிக்கிழமை நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் இல்லாததால், வாடகை சைக்கிளில் ஊர் பார்க்கக் கிளம்பினேன். ஒரு கோபுரத்தைத் தாண்டுமுன் இன்னொன்று கண்ணில் படுகிற ஊர் இது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு முனை திரும்பியதும், தெருவை அடைத்துச் சிவப்புப் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, புடவைக்குப் பாவு சரிசெய்துகொண்டிருந்தார்கள். வெயிலில் அது தணலாக மின்னியது. விலகுவார்கள் என்று மணியடித்தேன். ஒருவரும் அசையவில்லை. கையை விட்டால் நூல் சிக்கிவிடுமாம். பட்டில் மோதாமல் சைக்கிளை ஒடித்துத் திருப்பி மண்ணில் விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதே.

எல்லோரும் முதலில் நூலைப் பார்த்தார்கள், பிறகுதான் என்னை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"மணியடிச்சா பாவு எழுந்து போவுமாப்பா?" என்று பாவு பிடித்திருந்த அம்மாள் சிரித்தாள். பிறகு, "உன் வீட்டுக்காரிக்கு என்னா நெறம் புடிக்கும்?" என்று கேட்டாள்.

கல்யாணமான பத்தாம் நாள் ரயிலேறியவன் என்ன சொல்வேன்? சிவப்பு என்று சொல்லிவைத்தேன்.

நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. உனக்குப் பிடித்தது வேறு நிறமென்றால் உடனே எழுது. அந்த அம்மாளிடம் போய்த் திருத்திச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன்
ஆசீர்