நீலச் சாக்பீஸ் பொடி

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை, நான் பக்கத்தில் இல்லாத தைரியத்தில் விட்டுவிட்டீர்களா?

ஓய்வு பெற்ற பிறகும் வகுப்பெடுக்கக் கொடுத்துவைத்திருக்கிறேன். இந்தக் கிராமத்தில் என் மாணவிகள் கோழி வளர்க்கும் பெண்கள். பாடம், பறவைக் காய்ச்சல். கிருமி என்றாலே கொட்டாவி விடுகிறார்கள். அதனால் போன வாரக் கூட்டத்தில் முட்டைகள் மேல் நீலச் சாக்பீஸ் பொடியைத் தூவி, ஒரு சுற்று கைமாற்றச் சொன்னேன். பிறகு தேநீரும் அரட்டையுமாகக் கொஞ்ச நேரம் போனது.

"இப்ப ஒருத்தர ஒருத்தர் பாருங்க" என்றேன். கன்னம், டம்ளர், புடவைத் தலைப்பு, எங்கும் நீலம்.

"டீச்சர், மொதல்ல உங்க மூக்கப் பாருங்க!" என்று ஒரே சிரிப்பு.

முட்டை விற்கும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "காலையில எங்க வீட்ல மூணு கோழி செத்துக் கெடந்துச்சு டீச்சர். சொன்னா ஆபீசருங்க வந்து மிச்சத்தையும் அழிக்கப் புடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு மறைச்சுட்டேன். வெறுங்கையால தூக்கிப் போட்டுட்டு, அதே கையோட புள்ளைக்குச் சோறு ஊட்டினேன்" என்று அழுதாள்.

உடனே கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். பயப்படாதீர்கள், நான் கோழிகளின் பக்கமே போகவில்லை. நேற்று பரிசோதனை முடிவு வந்தது: பறவைக் காய்ச்சல் இல்லை. குழந்தையும் ஓடியாடுகிறது. இன்று அவள் வீட்டுக்குப் போனால், "சோப்பு போட்டுக் கழுவிட்டு உள்ள வாங்க டீச்சர்" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள்! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைத்துப்போக வந்த வண்டி ஹாரன் அடிக்கிறது. வண்ணச் சாக்பீஸ் இரண்டு பெட்டி அனுப்புங்கள். கரும்பலகை துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்றையும் வையுங்கள். ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்கிறவள்தான் கேட்கிறேன்: அதைத் துவைக்க வேண்டாம்.

உங்கள்
வீட்டு டீச்சர்