நான் கேட்டாலும் சொல்லாதீங்க

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் என்று பார்த்தால் வரவில்லை. ஏ.சி. மறுபடி சொட்டுகிறது. கீழே வாளி.

ஹெட் ஆபீஸிலிருந்து கண்டிப்பான மெயில். பங்கு விற்க வாங்க வருகிறவர்களிடம் இனி யாரும் ஓ.டி.பி. கேட்கக் கூடாது. கேட்டால் வேலை போகும். மானிட்டரில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு சீட்டுகளையும் கிழிக்க வேண்டும். மேனேஜர் தன்னுடையதைக் கிழித்துவிட்டு, காலண்டருக்குப் பின்னால் எழுதிக்கொண்டார். இவரை என்ன செய்வது!

கலியபெருமாள் அண்ணன் வந்தார். நாச்சியார்கோவில் பக்கம் விவசாயி. மகள் சுமதியின் நர்சிங் படிப்புக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேர்க்கிறார். ஓ.டி.பி. வந்தால் கவுன்டரில் நின்று ஏலம் போடுகிற மாதிரி சத்தமாகப் படிப்பார். இன்று தடுத்தேன்.

"தங்கச்சி, உங்கிட்ட மறைக்க எனக்கு என்ன இருக்கு?"

"நான் கேட்டாலும் சொல்லாதீங்கண்ணே."

முகம் வாடிவிட்டது. டீ வாங்கித் தந்தேன், குடிக்கவில்லை. எனக்கும் சங்கடம்தான்.

வாங்க வேண்டியது: பால், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, வாசல் பல்பு.

ஆகஸ்ட் 20, புதன்

மாத்திரையை மறந்தேன். அம்மாவிடம் திட்டு.

டவுன் பஸ்ஸில் ஒருவர் போனில்: "நாலு, ஏழு, ஏழு... கேக்குதா? எழுதிக்க." பஸ்ஸே எழுதிக்கொண்டிருக்கும்.

மதியம் போன் செய்து அண்ணனைச் சோதித்துப் பார்த்தேன். "அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. "மாட்டேன். நீதானே சொல்லக் கூடாதுன்னே?"

சோதனையில் பாஸ்! வருத்தமெல்லாம் போய்விட்டது போல. ரொம்ப சந்தோஷம். மேனேஜரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

மாத்திரை வாங்கியாச்சு. பல்பு இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சுமதி படிப்புக்கு வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது.

மார்க்கெட் திறந்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் கணக்கில் விற்பனை. யார் சொன்னாலும் அவர் விற்காத பங்குகள். அந்தப் பணத்தில், நான் கேள்வியே படாத ஏதோ கம்பெனியின் பங்கை யாரோ கண்ட விலைக்கு வாங்குகிறார்கள். அதை விற்கிறவனும் அதே திருடனாகத்தான் இருப்பான். உடனே போன் செய்தேன். நாற்றங்காலில் நின்றிருந்தார். தண்ணீர் பாயும் சத்தம்.

"அண்ணே, நீங்களா விக்கிறீங்க?"

"இல்லையே."

"யாருக்காவது ஓ.டி.பி. சொன்னீங்களா?"

"உனக்குச் சொல்லலையே! காலைல ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஒரு சார் பேசினாரு. உனக்கு மேல உள்ளவங்கதானேன்னு சொன்னேன்."

மேனேஜரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் ஹெட் ஆபீஸுக்குப் போன் அடித்தார். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. இங்கிருந்தே கணக்கை முடக்கலாம், ஆனால் அதற்கும் அண்ணன் போனுக்கு வரும் எண் வேண்டும். கேட்டால் என் வேலை போகும். போனால் போகட்டும்.

"அண்ணே, இப்ப ஒரு நம்பர் வரும். உடனே சொல்லுங்க."

"மறுபடியும் சோதிக்கிறியா?"

"சோதனை இல்லண்ணே, நிஜம். கெஞ்சிக் கேக்குறேன்." அழுதேவிட்டேன். திரையில் இன்னொரு பங்கும் போனது.

"நீ அழுதாலும் சொல்ல மாட்டேன் தங்கச்சி," என்றார், அத்தனை பெருமையாக. போனை வைத்துவிட்டார்.